நாலு பக்கமும் சரி, மனை சரியா?

ஆவடியை அடுத்து, விமானப்படை நிலையத்துக்கு அருகில் இருக்கும் ஊர் முத்தாபுதுப்பேட்டை. சென்னையைச் சுற்றியுள்ள மற்ற ஊர்களைப் போலவே இந்தப் பக்கத்திலும் மனை வாங்கி வீடு கட்டுவோர் பலர். அங்கே ஒருவர் மனை வாங்க வந்திருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். தொழிற்சாலையில் முப்பது ஆண்டுகள் உழைத்து ஓய்வு பெற்றவர். கையில் இருப்பது பணிக்கொடைப் பணம். வாழ்நாள் சேமிப்பு அது ஒன்றுதான். பத்திர நகலில், "கிழமேல் ஜாதியடி வடபுறம் 40, தென்புறம் 40, தென்வடல் ஜாதியடி கிழபுறம் 60, மேல்புறம் 60, ஆக 2400 சதுர அடி" என்று எழுதியிருக்கிறது. 2400 சதுர அடி என்றால் சென்னைக் கணக்கில் ஒரு கிரவுண்டு.

விற்பவர் தயங்காமல் அளவு நாடாவை நீட்டுகிறார். "நீங்களே அளந்து பாருங்கள் சார்!" நான்கு முளைக்கற்களுக்கு இடையிலும் நாடாவைப் பிடித்துப் பார்க்கிறார்கள். 40, 60, 40, 60. ஓர் அங்குலம் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. வாங்க வந்தவருக்கு மனம் நிறைந்துவிடுகிறது.

உடன் வந்த மேஸ்திரி மட்டும் தலையை அசைக்கிறார். "நாலு பக்கம் பார்த்தா போதாது சார். மூலைக்கு மூலை புடிங்க."

பிடித்துப் பார்க்கிறார்கள். ஒரு மூலையிலிருந்து எதிர் மூலைக்கு 80 அடி. மற்ற இரு மூலைகளுக்கு இடையே 63 அடி 3 அங்குலம்.

மேஸ்திரி சொல்கிறார்: "இது ஒரு கிரவுண்டு இல்லை சார்."

நான்கு பக்கமும் பத்திரத்தில் உள்ளபடியே இருக்கும்போது பரப்பு எப்படிக் குறையும்? மூலைக்கு மூலை அளந்த அந்த இரண்டு எண்களை மட்டும் வைத்துக்கொண்டு, மேஸ்திரியால் எப்படி அவ்வளவு உறுதியாகச் சொல்ல முடிந்தது? இதற்கு விடை காண நாம் பள்ளியில் படித்த வடிவ கணிதத்துக்குள் சற்றே போக வேண்டும். அதைவிட முக்கியமாக, "ஆனால்" என்ற சின்னஞ்சிறு சொல்லுக்குள் போக வேண்டும்.

"இப்படியானால் அப்படி"

"மழை பெய்தால் தரை நனையும்." "நெருப்பில் கை வைத்தால் சுடும்." இப்படி நாம் நாள்தோறும் பேசுகிறோம். வடிவ கணிதத்தின் தேற்றங்களும் ஏறக்குறைய எல்லாம் இந்த அச்சில் வார்க்கப்பட்டவையே. "ஒரு நாற்கரம் செவ்வகமானால், அதன் மூலைவிட்டங்கள் சமம்." இத்தகைய கூற்றை நிபந்தனைக் கூற்று என்பார்கள். இதற்கு இரண்டு உறுப்புகள் உண்டு. "செவ்வகமானால்" என்பது நிபந்தனை. "மூலைவிட்டங்கள் சமம்" என்பது முடிவு. நிபந்தனை நிறைவேறினால் முடிவும் நிறைவேறியே தீரும் என்பதுதான் இக்கூற்று தரும் உறுதி. அதற்கு மேல் அது எதையும் சொல்வதில்லை.

இந்த உறுப்புகளை இடம் மாற்றியும் மறுத்தும் மேலும் மூன்று கூற்றுகளை உண்டாக்கலாம். ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள்.

மூலக் கூற்று: செவ்வகமானால், மூலைவிட்டங்கள் சமம்.

மறுதலை: மூலைவிட்டங்கள் சமமானால், செவ்வகம். (இரண்டு உறுப்புகளும் இடம் மாறின.)

எதிர்மறை: செவ்வகம் அல்லவெனில், மூலைவிட்டங்கள் சமமல்ல. (இரண்டும் மறுக்கப்பட்டன.)

எதிர்மறுதலை: மூலைவிட்டங்கள் சமமல்லவெனில், செவ்வகம் அல்ல. (இடமும் மாறின, மறுக்கவும் பட்டன.)

இந்த நான்கும் பார்வைக்கு ஒரே குடும்பத்துப் பிள்ளைகள்போல் தோன்றும். ஆனால் குணத்தில் ஒன்று அல்ல. மூலக் கூற்று உண்மையானால் எதிர்மறுதலையும் உண்மையாகவே இருக்கும். ஏன்? மூலைவிட்டங்கள் சமமில்லாத ஒரு செவ்வகம் எங்கேனும் இருப்பதாகக் கொள்வோம். அது செவ்வகமாக இருப்பதால் மூலக் கூற்றின்படி அதன் மூலைவிட்டங்கள் சமமாக இருக்க வேண்டும். சமமில்லை என்று முதலிலேயே சொல்லிவிட்டோம். இரண்டும் ஒருசேர இருக்க முடியாது. ஆகவே அப்படி ஒரு செவ்வகம் இல்லை.

முத்தாபுதுப்பேட்டை மேஸ்திரி பயன்படுத்தியது இந்த எதிர்மறுதலையைத்தான். 80 அடியும் 63 அடி 3 அங்குலமும் சமமல்ல. எனவே மனை செவ்வகம் அல்ல. இதில் ஐயத்துக்கு இடமே இல்லை.

ஆனால் மறுதலையின் கதை வேறு. மூலக் கூற்று உண்மை என்பதால் மறுதலையும் உண்மை என்று கொள்ள முடியாது. மழை பெய்தால் தரை நனையும். தரை நனைந்திருந்தால் மழை பெய்தது என்று பொருளா? தெருவில் தண்ணீர் லாரி ஒழுகிக்கொண்டு போயிருக்கலாம்! மறுதலை உண்மையாகவும் இருக்கலாம், பொய்யாகவும் இருக்கலாம். அதைத் தனியாக நிறுவித்தான் ஆக வேண்டும். எதிர்மறைக்கும் இதே விதி பொருந்தும். மறுதலையும் எதிர்மறையும் ஒன்றுக்கொன்று எதிர்மறுதலைகள். ஒன்று நின்றால் மற்றதும் நிற்கும். ஒன்று விழுந்தால் மற்றதும் விழும்.

மணிமேகலை சொல்லும் பாடம்

இவை மேல்நாட்டார் கண்டுபிடித்துத் தந்த நுட்பங்கள் என்று எண்ணிவிட வேண்டாம். சீத்தலைச் சாத்தனாரின் மணிமேகலையில் 29-ஆம் காதை, காஞ்சியில் அறவண அடிகள் மணிமேகலைக்கு அளவை நூலைப் புகட்டும் பகுதி. பக்கம், ஏது, திட்டாந்தம், உபநயம், நிகமனம் என்ற ஐந்து உறுப்புகளைக் கொண்டு ஒரு முடிவை நிறுவும் முறை அங்கே சொல்லப்படுகிறது. இம்மலையில் நெருப்பு இருக்கிறது, ஏனென்றால் புகை இருக்கிறது, அடுக்களையில் காண்பதுபோல. இதுதான் அதன் புகழ்பெற்ற எடுத்துக்காட்டு.

இதன் அடியில் இருக்கும் நிபந்தனைக் கூற்று, "புகை இருந்தால் நெருப்பு இருக்கும்" என்பது. இதன் எதிர்மறுதலை என்ன? "நெருப்பு இல்லையெனில் புகையும் இல்லை." நம் வீட்டுப் பாட்டிமார் சொல்லும் பழமொழியேதான்: நெருப்பில்லாமல் புகையுமா! எதிர்மறுதலை என்ற பெயரைக் கேள்விப்படாமலே நாம் அதைத் தலைமுறை தலைமுறையாகக் கையாண்டு வருகிறோம்.

மறுதலையோ, "நெருப்பு இருந்தால் புகை இருக்கும்" என்பது. கொல்லன் உலையிலிருந்து எடுத்த, பழுக்கக் காய்ந்த இரும்புக் குண்டை நினைத்துப் பாருங்கள். அதில் நெருப்பு உண்டு, புகை இல்லை. நம் நாட்டு அளவை நூலார் இந்த எடுத்துக்காட்டைக் காட்டித்தான் மறுதலையை மறுத்தார்கள். மணிமேகலை இதற்கு ஒரு பெயரும் தருகிறது. உடனிருக்கும் இரண்டு பொருள்களின் தொடர்பைத் தலைகீழாகச் சொல்லிவிடும் பிழை, "விபரீதான்னுவயம்" எனப் பிழைகளின் பட்டியலில் இடம்பெறுகிறது. மறுத்துச் சொல்லும்போது தலைகீழாக்கினால் அது "விபரீத வெதிரேகம்". தேர்வுத் தாளில் தேற்றத்துக்குப் பதிலாக அதன் மறுதலையை எழுதிவிட்டு வரும் மாணவன் செய்வது, அறவண அடிகள் அன்றே எச்சரித்த பிழைதான்!

நாலு குச்சி, நாலு ஆணி

இனி மனைக்குத் திரும்புவோம். விற்பவரின் வாதத்தை நிபந்தனைக் கூற்றாக எழுதினால் இப்படி வரும்: "செவ்வகமானால் எதிர்ப்பக்கங்கள் சமம். இங்கே எதிர்ப்பக்கங்கள் சமம். ஆகவே இது செவ்வகம்." முதல் வரி உண்மை, இரண்டாம் வரியும் உண்மை, மூன்றாவது மட்டும் வந்து சேரவில்லை. அவர் மறுதலையைச் சத்தமில்லாமல் உள்ளே நுழைத்துவிட்டார்.

இதைக் கண்ணால் காண, மூங்கில் பிளாச்சில் 40 செ.மீ. நீளத்தில் இரண்டும் 60 செ.மீ. நீளத்தில் இரண்டும் நறுக்கிக்கொள்ளுங்கள். மூலைகளில் ஒவ்வோர் ஆணி தளர்வாக அடித்துச் சட்டமாக்குங்கள். ஒரு மூலையைப் பிடித்து மெல்லத் தள்ளினால் சட்டம் சாய்கிறது. பக்கங்களின் நீளம் மாறவில்லை. ஆனால் உள்ளே அடங்கும் இடம் சுருங்குகிறது. இன்னும் தள்ளினால் குச்சிகள் ஒன்றன்மேல் ஒன்று படிந்து, பரப்பு ஏறக்குறைய ஒன்றுமில்லாமல் போகிறது! செவ்வகமாக நிற்கும்போதுதான் பரப்பு மிக அதிகம். எதிர்ப்பக்கங்கள் சமம் என்பது இணைகரத்துக்குச் சான்று; செவ்வகத்துக்கு அல்ல.

பரப்பு எவ்வளவு குறைந்தது? 80 அடி மூலைவிட்டம் மனையை இரண்டு சர்வசம முக்கோணங்களாகப் பிரிக்கிறது. ஒவ்வொன்றின் பக்கங்களும் 40, 60, 80. அரைச்சுற்றளவு 90. அதிலிருந்து ஒவ்வொரு பக்கத்தையும் கழித்தால் 50, 30, 10. இந்த நான்கு எண்களின் பெருக்கற்பலன் 90 × 50 × 30 × 10 = 13,50,000. இதன் வர்க்கமூலம் ஏறக்குறைய 1162. இரண்டு முக்கோணங்களும் சேர்ந்து 2324 சதுர அடி. பத்திரத்தில் எழுதிய 2400-க்கு 76 சதுர அடி குறைவு. சதுர அடிக்கு இவ்வளவு என்று விலை பேசும் ஊரில் 76 சதுர அடி சிறு தொகை அல்ல. ஒரு சமையலறை கட்டும் இடம் அது.

இந்தக் குழப்பமும் புதிதன்று. பிரம்மகுப்தர் கி.பி. 628-இல் எழுதிய பிரம்மஸ்புட சித்தாந்தத்தில், எதிர்ப்பக்கங்களின் சராசரிகளைப் பெருக்கி வரும் பரப்பைத் தோராயமானது என்றே குறித்தார். பாஸ்கராசாரியார் 1150-இல் இயற்றிய லீலாவதியில் இன்னும் கடுமையாகப் பேசுகிறார். பக்கங்கள் அவையாகவே இருக்க மூலைவிட்டங்கள் மாறக்கூடும். அப்படியிருக்க, ஒரு மூலைவிட்டத்தையோ செங்குத்தையோ சொல்லாமல் நாற்கரத்தின் பரப்பைக் கேட்பவன் பிசாசு. அதற்கு விடை சொல்ல முற்படுபவன் அவனிலும் பெரிய பிசாசு என்ற கருத்துப்பட எழுதியிருக்கிறார்! தமிழ்நாட்டு நில அளவைத் துறையின் புலப்படங்களில் எல்லைக் கோடுகளோடு நில்லாமல், குறுக்கே மூலைவிட்டக் கோடுகளும் அவற்றிலிருந்து எடுத்த செங்குத்து அளவுகளும் காட்டப்படுவதன் காரணம் இப்போது விளங்கும்.

குறுக்களவு சமமானால் போதுமா?

மூலைவிட்டங்கள் சமமாக இருந்திருந்தால்? அப்போது மனை செவ்வகம் என்று முடிவு கட்டலாமா? அவசரப்படக் கூடாது, இதுவும் மறுதலை.

முன்புறம் 40 அடி, பின்புறம் 50 அடி, இரண்டும் இணை, நடுவே ஆழம் 60 அடி, இருபுறமும் ஒரே அளவாக விரியும் ஒரு மனையை வரையுங்கள். மூலைவிட்டத்தின் ஒரு முனையிலிருந்து மறு முனைக்கு நீளவாட்டில் 60 அடி, அகலவாட்டில் 45 அடி. பிதாகரசு தேற்றப்படி மூலைவிட்டம் 75 அடி. மற்றதும் 75 அடி. குறுக்களவு இரண்டும் சமம். மனையோ செவ்வகம் அல்ல, சரிவகம். ஓர் எதிர் எடுத்துக்காட்டு போதும், மறுதலை விழுந்துவிட்டது.

அப்படியானால் மேஸ்திரியின் முறை பயனற்றதா? இல்லை. அவர் இரண்டு சோதனைகளைச் சேர்த்தே செய்கிறார். எதிர்ப்பக்கங்கள் சமமா என்பது ஒன்று. மூலைவிட்டங்கள் சமமா என்பது மற்றொன்று. தனித்தனியே இவை போதா, சேர்ந்தால் போதும். இதை நிறுவிக் காண்போம்.

மனையின் மூலைகளை வரிசையாக க, ச, ட, த என்போம். கச = தட, சட = கத என்பதும், மூலைவிட்டங்கள் கட = சத என்பதும் நமக்குத் தெரிந்தவை. இப்போது கசத, சகட என்ற இரு முக்கோணங்களையும் பாருங்கள். கச என்ற பக்கம் இரண்டுக்கும் பொது. கத-வும் சட-வும் சமம். சத-வும் கட-வும் சமம். மூன்று பக்கங்களும் முறையே சமமானால் முக்கோணங்கள் சர்வசமம். ஆகவே க-வில் உள்ள மூலைக் கோணமும் ச-வில் உள்ள மூலைக் கோணமும் சமம்.

மேலும், எதிர்ப்பக்கங்கள் சமமானால் நாற்கரம் இணைகரம். இணைகரமானால் கத-வும் சட-வும் இணைகோடுகள். இணைகோடுகளானால் அவற்றை வெட்டும் கச-வின் ஒரே புறத்தில் அமையும் உட்கோணங்கள் இரண்டும் சேர்ந்து 180 டிகிரி. இரண்டும் சமம், கூட்டினால் 180. எனவே ஒவ்வொன்றும் 90 டிகிரி. மனை செவ்வகமே!

இந்த நிறுவலில் எத்தனை "ஆனால்"கள் வந்தன என்று எண்ணிப் பாருங்கள். ஒன்றின் முடிவு அடுத்ததன் நிபந்தனையாகிறது. சங்கிலியின் கண்ணிகள்போல் ஒன்றையொன்று பற்றிக்கொண்டு போகின்றன. இதைத்தான் உய்த்தறிதல் என்கிறோம். மேஸ்திரி பல வீடுகளுக்குக் கடைக்கால் போட்டு, இந்த முறை தவறியதில்லை என்று கண்டவர். அது அனுபவம். ஆனால் இந்தச் சங்கிலியோ, அவர் இதுவரை கட்டிய வீடுகளுக்கும் இனி யார் கட்டப்போகும் வீடுகளுக்கும் சேர்த்தே பேசுகிறது.

மூன்று, நான்கு, ஐந்து

மனையை விட்டுக் கட்டடத்துக்கு வருவோம். வானம் தோண்டுமுன் முளைக்குச்சி அடித்து நூல் கட்டுகிறார்கள். மூலைமட்டம் கைக்கு அடங்கும் கருவி. நீண்ட நூலுக்கு அது போதாது. ஆகவே மேஸ்திரி ஒரு நூலில் 3 அடியும் மற்றதில் 4 அடியும் அடையாளம் செய்து, அடையாளங்களுக்கு இடையே 5 அடி வரும்வரை நூலை நகர்த்துகிறார். வந்ததும், "மட்டம் வந்தாச்சு" என்கிறார்.

இங்கே அவர் பயன்படுத்துவது பிதாகரசு தேற்றமா? பலரும் அப்படித்தான் சொல்வார்கள். தேற்றத்தைச் சொல்லிப் பாருங்கள்: "செங்கோணமானால், 3-இன் வர்க்கமும் 4-இன் வர்க்கமும் சேர்ந்து 5-இன் வர்க்கம்." ஆனால் மேஸ்திரிக்குச் செங்கோணம் தெரிந்த செய்தி அல்ல, அதைத்தான் அவர் தேடுகிறார். அவருக்குத் தெரிந்தவை மூன்று நீளங்கள். அவர் நம்பியிருப்பது மறுதலையை! இந்த மறுதலை பொய்யாக இருந்தால் ஊரில் எந்தச் சுவரும் மட்டமாக நிற்கும் என்று சொல்வதற்கில்லை.

யூக்ளிடு இதை நன்கு உணர்ந்திருந்தார். தம் நூலின் முதற் பாகத்தில் 47-ஆவதாகப் பிதாகரசு தேற்றத்தை நிறுவியவர், அதோடு நிற்கவில்லை. 48-ஆவதாக மறுதலையைத் தனியே நிறுவிய பிறகுதான் அந்தப் பாகத்தை முடித்தார். அவருடைய வழி மிக எளியது. 3, 4, 5 என்ற பக்கங்கள் உள்ள முக்கோணம் ஒன்று நம்மிடம் இருக்கிறது. அதன் கோணம் தெரியாது. புதிதாக ஒரு செங்கோணம் வரைந்து, அதன் கைகளில் 3-உம் 4-உம் அளந்து, முனைகளைச் சேர்ப்போம். இது செங்கோண முக்கோணம் என்பதால் தேற்றத்தின்படி இதன் கர்ணம் 5. இப்போது இரு முக்கோணங்களுக்கும் பக்கங்கள் 3, 4, 5. எனவே அவை சர்வசமம். புதியதில் செங்கோணம் இருப்பதால் பழையதிலும் அதே இடத்தில் செங்கோணம். மறுதலை நிறுவப்பட்டது, மேஸ்திரியின் நூலும் காப்பாற்றப்பட்டது.

ஒரு நடைமுறை எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். தேற்றத்தில் 5 என்றால் சரியாக 5. நாடாவிலோ ஓர் அங்குலம் பிசகலாம். 3, 4 அடிகளுக்குக் குறுக்கே 5 அடிக்குப் பதில் 5 அடி 1 அங்குலம் வந்தால், கோணம் ஏறக்குறைய 2 டிகிரி விலகிவிடும். 60 அடி நீளச் சுவர் முடியும் இடத்தில் அந்த விலகல் 2 அடி! அதே ஓர் அங்குலப் பிழை 30, 40, 50 அடி முக்கோணத்தில் நேர்ந்தால், 60 அடியில் விலகல் இரண்டரை அங்குலந்தான். ஆகவே இடம் இருக்கும் அளவுக்குப் பெரிய முக்கோணமாகப் போடுவதே அறிவுடைமை.

பரங்கிமலையிலிருந்து இமயம் வரை

நிபந்தனைக் கூற்றுகளின் சங்கிலி எவ்வளவு தூரம் போகும்? அதற்கும் சான்று நம் சென்னையிலேயே உண்டு. 1802-இல் வில்லியம் லாம்டன் பரங்கிமலை அருகே ஏறக்குறைய 12 கிலோமீட்டர் நீளமுள்ள ஓர் அடிக்கோட்டைச் சங்கிலியால் மிகக் கவனமாக அளந்தார். பிறகு நிலத்தைக் குறுக்கும் நெடுக்குமாக அளந்துகொண்டு போகவில்லை. குன்றுகள் மீதும் உயர்ந்த கட்டடங்கள் மீதும் ஏறி, கோணங்களை மட்டும் அளந்தார்கள். ஒரு முக்கோணத்தின் ஒரு பக்கமும் இரு கோணங்களும் தெரிந்தால் மற்ற பக்கங்களும் தெரியும். தெரிந்த அந்தப் பக்கம் அடுத்த முக்கோணத்துக்கு அடிக்கோடாகும். இப்படி முக்கோணம் முக்கோணமாக வடக்கே நகர்ந்த பெரும் முக்கோண அளவை, 1850-களில் எவரெஸ்ட் சிகரத்தின் உயரத்தைக் கணித்துச் சொன்னது.

அவர்கள் மூன்றாம் கோணத்தையும் அளந்தார்கள். எதற்கு? "மூன்று கோணங்களும் சரியாக அளக்கப்பட்டிருந்தால், கூட்டுத்தொகை 180 டிகிரி." (பெரிய முக்கோணங்களில் பூமியின் வளைவுக்காக ஒரு சிறு தொகையைச் சேர்த்துக்கொள்ள வேண்டும்.) இதன் எதிர்மறுதலைதான் அவர்களுக்குக் காவல்: கூட்டுத்தொகை பொருந்தவில்லையெனில், எங்கோ அளவு பிசகியிருக்கிறது. மறுதலையை அவர்கள் நம்பியிருக்க முடியாது. ஒரு கோணத்தில் கூடிய பிழையை இன்னொன்றில் குறைந்த பிழை ஈடுசெய்து, கூட்டுத்தொகை மட்டும் சரியாக வந்துவிடலாம் அல்லவா? அதனால்தான் பல மைல் தாண்டியதும் மீண்டும் ஓர் அடிக்கோட்டை நேராக அளந்து, கணக்கோடு ஒப்பிட்டுச் சரிபார்த்தார்கள்.

முத்தாபுதுப்பேட்டை மனையில் மேஸ்திரி செய்ததும் இதே வேலை. அளவு மட்டும் சிறியது.

முடிவில்

நம் கதையில் வாங்க வந்தவர் என்ன செய்வார்? மனையை வேண்டாம் என்று தள்ள வேண்டியதில்லை. 2324 சதுர அடிக்கு உரிய விலையைப் பேசலாம். மூலைவிட்ட அளவுகளையும் பத்திரத்தின் சொத்து விவரத்தில் எழுதச் சொல்லலாம். ஒரே ஒரு மூலைவிட்டம் எழுதப்பட்டிருந்தாலும் மனையின் வடிவம் உறுதியாகிவிடும். பிற்காலத்தில் பக்கத்து மனைக்காரரோடு சண்டைக்கும் இடமிராது.

விற்பவர் சொன்ன ஒவ்வோர் அளவும் உண்மை. அவர் நாடாவும் பொய் சொல்லவில்லை. தவறு, உண்மையான செய்திகளிலிருந்து அவை தராத ஒரு முடிவை எடுத்துக்கொண்டதில் இருந்தது. விளம்பரத்திலும் மேடைப் பேச்சிலும் மருந்துக்கடையிலும் நம்மை ஏமாற்றுவது பெரும்பாலும் இந்த வகைதான். "நல்ல மருந்தானால் கசக்கும், இது கசக்கிறது, ஆகவே நல்ல மருந்து" என்று யாரேனும் சொன்னால், உடனே ஒப்புக்கொள்ளாதீர்கள். மேஸ்திரியைப்போல் தலையை அசைத்துவிட்டு, மூலைக்கு மூலை பிடித்துப் பாருங்கள்.

சிந்தித்துப் பாருங்கள்

1. கதவு நிலை செய்த தச்சர், அதைச் சுவரில் பதிக்கும் வரை மூலைக்குக் குறுக்கே ஒரு ரீப்பரை அடித்து வைக்கிறார். ஏன்?

2. ஒரு முக்கோணத்தின் பக்கங்கள் 7, 8, 11 அடி. இது செங்கோண முக்கோணமா? விடை காணப் பயன்படுவது பிதாகரசு தேற்றமா, மறுதலையா, எதிர்மறுதலையா?

3. சம நீளமுள்ள இரண்டு கயிறுகளை அவற்றின் நடுப்புள்ளிகளில் சேர்த்துக் கட்டி, நான்கு முனைகளையும் நான்கு பேர் இழுத்துப் பிடித்து, கயிறுகள் நேராக நிற்கும்படி செய்கிறார்கள். நால்வரும் நிற்கும் இடங்கள் எந்த வடிவத்தின் மூலைகள்?

விடைகள்: 1. நான்கு பக்க அளவுகள் நாற்கரத்தின் வடிவத்தை உறுதி செய்வதில்லை. மூன்று பக்க அளவுகள் முக்கோணத்தை உறுதி செய்துவிடும். ரீப்பர் அடித்ததும் அங்கே ஒரு முக்கோணம் உருவாகி, நிலை சாயாமல் நிற்கிறது. 2. செங்கோண முக்கோணமானால் மிகப் பெரிய பக்கமே கர்ணம். 49 + 64 = 113; 11-இன் வர்க்கம் 121. சமமல்ல, எனவே செங்கோண முக்கோணம் அல்ல. பயன்பட்டது எதிர்மறுதலை. 3. மூலைவிட்டங்கள் ஒன்றையொன்று இருசமக் கூறிடுவதால் இணைகரம்; அவை சமமாகவும் இருப்பதால், நாம் மேலே நிறுவியபடி, செவ்வகம். நால்வரும் எப்படி நகர்ந்து நின்றாலும் செவ்வகமே கிடைக்கும். பள்ளி மைதானத்தில் செய்து பாருங்கள்.